மலையடிவாரத்தில் கற்றவர்கள்

திருவண்ணாமலை என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கார்த்திகைத் தீபத்தையும், வானளாவி நிற்கும் ராஜகோபுரத்தையும், பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நிரப்பிச் செல்லும் ஜனசமுத்திரத்தையும் நினைத்துக்கொள்கிறவர்கள், அந்த ஊர் வெகுகாலமாக வயது வந்தவர்களுக்கு ஒரு பாடசாலையாகவும் இருந்து வந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பது அபூர்வம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பருவத்தைக் கடந்துவிட்டவர்கள், எழுத்தறியாதவர்கள், உத்தியோகத்தின் கட்டுக்குள் அகப்பட்டிருந்தவர்கள், புருஷனை இழந்து போக்கிடம் தேடி வந்த பெண்கள், கட்டிட வேலையில் எவ்விதப் பயிற்சியுமின்றி ஒருநாள் திடீரென்று கொத்தர்களுக்கு மேற்பார்வையாளராக நிறுத்தப்பட்ட ஓர் இளைஞர் என்று இத்தனை பேரும் இந்த மலையின் அடிவாரத்தில் எவ்வாறு கற்றார்கள் என்ற சரித்திரத்தையே இங்கே சொல்ல முற்படுகிறேன். கோயிலின் சரித்திரம் கல்வெட்டுகளில் இருக்கிறது. இந்தச் சரித்திரமோ நினைவுக் குறிப்புகளிலும், கூத்துக் களங்களிலும், ஒரு சமையற்கட்டின் கதைகளிலும், ஒரு மாட்டுக்கொட்டகையின் சுவரிலும் சிதறிக் கிடக்கிறது.

முதலில் கோபுரத்தையே எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் நிறைவுற்ற, 217 அடி உயரமும் 11 நிலைகளும் கொண்ட அந்தக் கீழைக் கோபுரத்தை எழுப்பிய கைகள் ஏட்டுக் கல்வியால் உருவானவை அல்ல. தகப்பன் உளி பிடித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கல்லைத் தட்டி எழும் ஓசையைக் கொண்டே அதன் தரத்தை அறியப் பழகிய பிள்ளைகள், மீசை அரும்பும் முன்பே அளவுகோலையும் நூலையும் கையாளக் கற்றுவிட்டார்கள். அந்த முறையில் வேலைக்கும் பயிற்சிக்கும் இடையே சுவர் என்பதே கிடையாது. வேலை நடக்கும் இடமே வித்தை நடக்கும் இடம். ஆனால் வேறொரு சுவர் அங்கே இருந்தது. அந்தக் குலத்தில் பிறவாதவனுக்கும், பிறந்தும் இளம்பருவத்தில் தவறவிட்டவனுக்கும் உள்ளே நுழைய வழியில்லை. மலையுச்சியில் மகாதீபம் ஏற்றும் உரிமையைத் தலைமுறை தலைமுறையாக வகித்துவரும் பர்வதராஜ குலத்தாரின் கைங்கரியமும் இவ்வாறே தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேர்வது. குலவித்தையின் மாண்பைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் அதன் வாசற்கதவைப் பற்றிப் பேசுவதில்லை. பேசவேண்டும் என்பது என் எண்ணம். ஏனெனில் வெளியே நின்றவர்கள் உள்ளே இருந்தவர்களைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம்.

வெளியே நின்ற அந்தப் பெருங்கூட்டத்துக்கு ஆற்காட்டு நாடு ஒரு கல்விமுறையை வைத்திருந்தது. அதற்குக் கல்வி என்று யாரும் பெயரிடவில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைப் பருவத்தில், அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் நாட்களில், பாரதம் படிப்பது இந்தப் பிரதேசத்துக் கிராமங்களில் நெடுங்கால வழக்கம். பகல் பொழுதில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்திலிருந்து செய்யுளைப் பாடி, அதை வசனத்தில் விரித்து, சூதாட்ட மண்டபத்தில் திரௌபதி எழுப்பிய கேள்வியின் நியாயத்தையும், தூது போன கண்ணனின் சாதுரியத்தையும், கர்ணனுடைய சங்கடத்தையும் கூடியிருக்கும் ஜனங்களுக்கு எடுத்துரைப்பார். இரவில் அதே கதை கூத்தாக வரும். கடைசியில் படுகளமும் தீமிதியும். பகலில் காதால் கேட்டது இரவில் கண்ணுக்கு வந்து, விடியும்போது மனத்தில் தங்கிவிடுகிறது. உழைக்கிறவன் எந்தப் பருவத்தில் ஓய்ந்திருக்கிறானோ அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுத்து, அவன் காலால் நடந்து வரக்கூடிய தூரத்தில், அவனுக்குத் தெரிந்த பாஷையில், ஒரே விஷயத்தை இரண்டு தடவை இரண்டு விதமாகக் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் முதியோரின் சௌகரியத்தை அறிந்த ஏற்பாடு எதையும் நான் கண்டதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத கிழவர் ஒருவர் தர்மபுத்திரன் செய்த பிழை எது, செய்யாத பிழை எது என்று வகைப்படுத்தி வாதிடுவதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கூத்துக் கலைஞர்களின் குழுவுக்கு இந்தப் பக்கத்தில் ஜமா என்று பெயர்; அதன் தலைவருக்கோ வாத்தியார் என்று பெயர். இந்தப் பெயரை யாரும் விளையாட்டாக வைக்கவில்லை. ஜமாவில் சேருகிறவன் முதலில் பின்பாட்டுப் பாடுவான், முகவீணைக்காரருக்கும் மத்தளக்காரருக்கும் வேண்டியதை எடுத்துக் கொடுப்பான், வேஷம் கட்டுகிறவர்களுக்குக் கட்டைகளையும் கிரீடத்தையும் ஏந்திக்கொண்டு நிற்பான். பார்த்துப் பார்த்து அடவு காலில் ஏறும், கேட்டுக் கேட்டுப் பாட்டு நாவில் ஏறும். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த புரிசை என்ற சிற்றூரில் கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரை இந்த வித்தையைக் காத்து வந்ததும், நவீன நாடகத்தைத் தேடிய ந. முத்துசாமி அந்தக் கூத்தைக் கண்டு தம் வழியையே மாற்றிக்கொண்டதும், அதன் பயனாகச் சென்னையில் கூத்துப்பட்டறை பிறந்ததும் தமிழ் நாடக உலகம் நன்கறிந்த செய்தி. எழுத்தாளராகப் பெயர் பெற்றிருந்த ஒரு மனிதர், தம் நடுவயதில், கிராமத்துக் கூத்து வாத்தியாரிடம் மாணாக்கராக உட்கார்ந்தார் என்பதே எனக்கு அதில் பெரிதாகப் படுகிறது.

சர்க்கார் நடத்திய அல்லது சர்க்கார் உதவிபெற்ற இராப்பள்ளிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1882-ஆம் ஆண்டின் ஹண்டர் கமிஷன் இராப்பள்ளிகளை ஆதரிக்க வேண்டுமென்று சிபாரிசு செய்தது. அவை ஆங்காங்கே தோன்றின, மங்கின, மறைந்தன. பகலெல்லாம் ஏர் பிடித்தவனையும் மூட்டை சுமந்தவனையும் மண்ணெண்ணெய் விளக்கின் முன்னால் உட்காரவைத்து, ஐந்து வயதுக் குழந்தைக்கு அச்சிட்ட பாலபாடத்தையே அவன் கையிலும் கொடுத்தால், அவன் தூங்கிவிடுவது அவனுடைய குற்றமாகாது. 1951-இல் குடிமதிப்பு எடுத்தபோது பாரத நாட்டில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 18.33 பேர்தான் இருந்தார்கள்.

இந்த இடத்தில் மலைக்குத் திரும்பலாம். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி மதுரையிலிருந்து வீட்டைத் துறந்து திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன், பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றியவர், ஆரம்ப வருஷங்களில் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார். அவரைப் பற்றி ஆத்மிக நோக்கில் எழுதியவர்கள் அநேகர். கற்பித்தவர், கற்றவர் என்ற நோக்கில் மட்டும் அவரைப் பார்க்க விரும்புகிறேன்; அந்தச் சிறு ஜன்னல் வழியாகத் தெரிவதும் குறைவானதல்ல.

விரூபாக்ஷ குகையில் அவர் இருந்த நாட்களில் அவரைத் தேடி வந்தவர்களுள் இரண்டு உத்தியோகஸ்தர்கள் முக்கியமானவர்கள். ஒருவர் ஊரில் முனிசிபல் ஓவர்சீயராக இருந்த கம்பீரம் சேஷய்யர். ராம பக்தர், ராஜயோகம், விவேகானந்தரின் பிரசங்கங்கள் முதலியவற்றைப் படிப்பதில் பிரியமுள்ளவர், ஆனால் படித்ததில் பாதி விளங்காமல் தவித்தவர். 1900-க்கும் 1902-க்கும் இடையில் அவர் அவ்வப்போது மலையேறி வந்து தம் சந்தேகங்களைக் கேட்க, மௌனத்தில் இருந்தவர் காகிதத் துண்டுகளில் பதில் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுகளிலிருந்தே பிற்காலத்தில் விசார சங்கிரகம் என்ற நூல் உருவாயிற்று. மற்றொருவர் சிவப்பிரகாசம் பிள்ளை. அந்நாளில் திருவண்ணாமலை தென்னாற்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவின் ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த அவர், தத்துவ சாஸ்திரத்தைப் பாடமாக எடுத்துப் படித்த பட்டதாரி. முகாமுக்காக ஊருக்கு வந்தபோது மலைமேல் ஒரு வாலிப சுவாமி இருக்கிறார் என்று கேள்வியுற்றுப் போய், தம்மைப் பற்றிய கேள்வியையே முதற்கேள்வியாகக் கேட்டார். பதில்கள் மணலில் விரலாலும், சிலேட்டிலும், காகிதத்திலும் எழுதப்பட்டன. மணலில் எழுதியதைக் காற்று கொண்டுபோகும் முன்பு மனத்தில் எழுதிக்கொண்டுபோன அந்த உத்தியோகஸ்தரின் சிரத்தையால், 1923-இல் நான் யார் என்ற சிறு பிரசுரம் வெளிவந்தது.

இந்த இருவரில் ஒருவரும் கற்பதற்காகத் தம் உத்தியோகத்தை அப்போது விட்டு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓவர்சீயர் தம் ஓய்வு நேரத்தில் வந்தார். ரெவின்யூக்காரர் முகாமின் இடைவெளியில் வந்தார். பாடத்திட்டம் என்று ஒன்று இல்லை, கேள்வியே பாடத்திட்டம். வயது வந்தவனுக்கும் குழந்தைக்கும் கற்பதிலே உள்ள பேதம் இங்கேதான் என்று நினைக்கிறேன். குழந்தை கேள்வி தோன்றுவதற்கு முன்பே பதிலை மனப்பாடம் செய்யும்; வளர்ந்தவனோ கேள்வியைச் சுமந்துகொண்டு வருகிறான், அந்தச் சுமையை இறக்கிவைக்க இடம் கிடைத்தால்தான் மேற்கொண்டு எதையும் தூக்கிக்கொள்வான்.

மூன்றாவது மாணாக்கர் ஒருவர் உண்டு. எனக்கு அவர்மீதுதான் அதிகப் பிரியம். பழனிசுவாமி என்ற அந்த மலையாளி, 1897 முதற்கொண்டு இளந்துறவிக்கு நிழல்போல் தொண்டு செய்தவர். தத்துவ நூல்களைப் படிக்கவேண்டுமென்ற ஆசை அவருக்கு உண்டு. கிடைத்த நூல்களோ தமிழில் இருந்தன. ஊருக்குள் போய் அன்பர்களிடம் கைவல்ய நவநீதம் போன்ற நூல்களை இரவலாக வாங்கிவந்து, எழுத்துக் கூட்டி, ஒரு வரியைக் கடப்பதற்குள் வியர்த்துப் போவார். அந்தப் பிரயாசையைப் பார்க்கச் சகியாமல், புத்தகப் படிப்பில் அதுவரை நாட்டமில்லாதிருந்த ரமணர் அந்த நூல்களைத் தாமே வாங்கிப் படித்து, பொருளைச் சுருக்கி அவருக்குச் சொல்லத் தொடங்கினார். வேதாந்த நூல்களில் தமக்கு ஏற்பட்ட பரிச்சயம் இப்படி வந்ததே என்று பின்னாளில் அவர் அன்பர்களிடம் சொல்லியிருக்கிறார். அதே பழனிசுவாமியின் சகவாசத்தால் அவருக்கு மலையாளம் வந்தது. வருகிறவர்கள் மூலம் தெலுங்கும், 1907-இல் வந்து சேர்ந்த காவ்யகண்ட கணபதி சாஸ்திரிகள் முதலிய பண்டிதர்களின் பழக்கத்தால் சம்ஸ்கிருதமும் கைவந்தன. 1927-இல் உபதேச உந்தியார் என்ற நூலைத் தமிழில் இயற்றியவர், அதைத் தெலுங்கிலும் சம்ஸ்கிருதத்திலும் மலையாளத்திலும் தாமே ஆக்கித் தந்தார் என்றால், அந்த மூன்று பாஷைகளில் ஒன்றையும் அவர் பள்ளிக்கூடத்தில் படித்தவரல்லர் என்பதையும் உடன் சேர்த்து நினைக்க வேண்டும். எழுத்துக் கூட்டத் தடுமாறிய ஒரு தொண்டருக்குக் கைகொடுக்கப் போனவர் தாமே வித்துவானாகி வந்த கதை இது.

1922-இல் அவருடைய அன்னையார் காலமாகி, மலையின் தென்புறத்தில் சமாதி ஏற்பட, அதைச் சுற்றி ஓலைக்கொட்டகைகளாக ஆரம்பித்த ரமணாசிரமம் மெல்ல மெல்லக் கல்கட்டிடமாக மாறிற்று. அந்த மாற்றத்தை நடத்தியவரின் வரலாறுதான் நான் சொல்ல வந்ததன் மையம்.

அண்ணாமலை சுவாமி என்று பின்னாளில் பெயர் பெற்ற அவர் 1906-இல் தொண்டங்குறிச்சி என்ற சிறு கிராமத்தில் பிறந்தவர். பிள்ளை சந்நியாசியாகிவிடுவான் என்று ஜாதகம் சொன்னதாம்; படிப்பு ஏறினால் பக்தி ஏறும், பக்தி ஏறினால் வீடு தங்கமாட்டான் என்று அஞ்சிய தகப்பனார் அவருக்குப் பள்ளிப்படிப்பையே மறுத்துவிட்டார். கல்வியை மறுப்பதற்கு உலகத்தார் கூறும் காரணங்கள் எத்தனையோ உண்டு. பாசத்தால் மறுத்த இந்தத் தகப்பனாரின் காரணம் மிகவும் பரிதாபமானது. மறுக்கப்பட்ட எழுத்தைப் பையன் தன் முயற்சியாலேயே கற்றுக்கொண்டான். ஜாதகம் சொன்னபடியே வீட்டையும் விட்டுப் புறப்பட்டான். 1928-இல், 22 வயதில், திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். சில காலம் ரமணருக்கு அருகிலிருந்து பணிவிடை செய்தார். பிறகு ஒருநாள், கொத்தர்கள் கல்சுவர் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் வேலையைப் பார்க்கும்படி அவருக்கு உத்தரவாயிற்று. அன்று போனவர்தான், அடுத்த பத்து வருஷங்களுக்கு அந்த ஆசிரமத்தில் எழுந்த கட்டிடங்களுக்கெல்லாம் அவரே மேற்பார்வையாளர்.

அவருக்குக் கட்டிட சாஸ்திரம் யார் கற்பித்தார்கள்? ரமணரே கற்பித்தார். ரமணருக்கு யார் கற்பித்தார்கள் என்பதற்குப் பதில் கிடையாது. கூர்ந்து பார்க்கிற கண் ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். கற்பித்த விதம் கவனிக்கத்தக்கது. நாள்தோறும் மாலையில் மாணாக்கர் அன்றைய வேலையைப் பற்றி அறிக்கை சொல்வார். மறுநாள் செய்யவேண்டியதைப் பற்றி ஆசிரியர் சொல்வார். பகலில் வெயிலென்றும் பாராமல் ஆசிரியரே வேலைத்தலத்துக்கு வந்து நிற்பார். சொன்னது சரியாக நடக்கிறதா என்று பார்ப்பார். இல்லையானால் ஏன் இல்லை என்று விளக்குவார். ஒரு வருஷத்துக்கான பாடத்தை முதல் வாரத்திலேயே இறக்கிவைக்கும் அவசரம் அங்கே இல்லை. நாளைக்கு எது வேண்டுமோ அது இன்று மாலையில் சொல்லப்பட்டது. சொல்லப்பட்டது விடிந்தால் கல்லிலும் சுண்ணாம்பிலும் சோதிக்கப்பட்டது. சுண்ணாம்புக் காரையால் கட்டிய காலம் அது. நீற்றிய சுண்ணாம்பு எத்தனை நாள் புளிக்கவேண்டும், மணலை எந்த அளவில் சேர்க்கவேண்டும், அரைப்பில் எவ்வளவு பதம் வந்தால் கரணையில் ஒட்டாமல் வழுக்கும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலிருந்தும் விரலுக்கு வந்துவிடாது. பக்கத்தில் வேலை செய்யும் கொத்தனைப் பார்த்தும், பிசகியதை இடித்துவிட்டு மறுபடி கட்டியுமே வரும்.

மலையிலிருந்து பாய்ந்து வரும் மழைநீர் ஆசிரமத்துக்குள் புகாதபடி தடுக்கும் பெரிய கல்சுவர் எழும்பியது. லட்சுமி என்ற பசுவுக்காகக் கோசாலை எழும்பியது. அந்தக் கோசாலையைப் பற்றி அண்ணாமலை சுவாமி சொல்லியிருப்பது மிகவும் சுவையானது. நிர்வாகத்தைக் கவனித்துவந்த சின்னசுவாமி, கையில் பணமில்லாத நிலையில், சிறு கொட்டகை போதும் என்றார். ரமணரோ பெரிதாகவே போடும்படி தனியே அழைத்துச் சொன்னார். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே நின்ற இளைஞர் பெரிய கட்டிடத்தின் அஸ்திவாரத்தைத் தோண்டினார், ஏச்சும் வாங்கிக்கொண்டார். ஒரு வேலையில் தேர்ச்சி என்பது அளவையும் கலவையையும் அறிவதோடு முடிவதில்லை, மனிதர்களுக்கிடையே நின்று அந்த வேலையைச் செய்து முடிப்பதும் அதில் அடக்கம் என்பதை அவர் அந்தக் கோசாலையில் கற்றார். பிறகு களஞ்சிய அறை, வேதபாடசாலை, வைத்தியசாலை. கடைசியாகப் பெரிய சமையற்கூடமும் போஜனசாலையும். போஜனசாலைக்கு ரமணர் ஒரு காகிதத்தில் கோடு கிழித்துக் காட்டியதே வரைபடம். மதராஸ் ராஜதானியில் எஞ்சினீயரிங் கல்லூரி அப்போதும் இருந்தது. ஆனால் அதன் வாசலை மிதிக்கும் தகுதி என்று உலகம் எதைச் சொல்லிற்றோ அது சிறிதும் இல்லாத ஒருவர் கட்டிய சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

அந்தப் போஜனசாலையின் சமையற்கட்டும் ஒரு பள்ளிக்கூடமே. சம்பூரணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள், சாந்தம்மாள் போன்ற, பெரும்பாலும் கணவரை இழந்த பெண்கள் அங்கே சமைத்தார்கள். விடிவதற்கு வெகுமுன்பே ரமணர் வந்து உட்கார்ந்து காய் நறுக்குவார், அரைப்பார், கிளறுவார், ருசி பார்ப்பார். இந்தப் பெண்களுக்குச் சமையல் தெரியாது என்பதல்ல. வீட்டில் நான்கு பேருக்குச் சமைத்துப் பழகிய கைகள் நூறு பேருக்குச் சமைக்கவேண்டியிருந்தது, எதையும் வீணாக்காமல் சமைக்கவேண்டியிருந்தது. ஒரு சமயம் கத்தரிக்காய்க் காம்புகள் குவியலாகக் கிடக்க, மாட்டுக்குப் போடவேண்டிய அவற்றைக் காய்ந்த பட்டாணியோடு சேர்த்து வேகவைக்கும்படி அவர் சொன்னதையும், எத்தனை நேரமானாலும் விறகு மாதிரி இறுகிக் கிடந்தவற்றைக் கண்டு தாம் மனம் சோர்ந்ததையும், விடாமல் வேகவை என்றே அவர் சொல்லிக்கொண்டிருந்ததையும், முடிவில் அவை குழைந்து நல்ல கறியாக வந்ததையும் சம்பூரணம்மாள் நினைவுகூர்ந்திருக்கிறார். பக்தர்கள் இதில் அற்புதத்தைக் காண்கிறார்கள். எனக்கோ, சோர்ந்துபோன மாணாக்கியின் அடுப்பருகில் மறுபடி மறுபடி வந்து நின்ற ஆசிரியரே கண்ணில் படுகிறார்.

1941-இல் ஆசிரமத்துக்கு வந்த சூரி நாகம்மாவையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஆந்திர நாட்டில் பிறந்து, இளம்பருவத்திலேயே விதவையாகி, பள்ளிக்கூடம் போகாமல் தாமாகவே தெலுங்கு படிக்கக் கற்ற அவர், 1945 நவம்பரிலிருந்து தம் தமையனாருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். மண்டபத்தில் தினந்தோறும் நடந்த சம்பாஷணைகளை வீட்டுப் பெண் ஒருத்தி அண்ணனுக்குச் சொல்லும் தோரணையில் எழுதிய அந்தக் கடிதங்கள், அந்த வருஷங்களைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் ஆதாரங்களில் தலைசிறந்தவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன.

குறையையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் சரித்திரம் ஸ்தோத்திரமாகிவிடும். சமையற்கட்டில் பயின்ற பெண்கள் அந்தி சாய்ந்தபின் ஆசிரமத்தில் தங்க இயலாது. ஊருக்குள் தங்கியிருந்து விடியலில் வரவேண்டும். பிராமணரல்லாதாரின் உழைப்பால் எழுந்த அந்தப் போஜனசாலையிலேயே பிராமணருக்கும் மற்றவருக்கும் நடுவே ஒரு தட்டி இருந்தது. இரு பக்கத்தாரும் காணும்படியான இடத்தில் ரமணர் அமர்ந்திருப்பார் என்பது உண்மை. ஆனால் தட்டி இருந்தது என்பதும் உண்மை. கற்பதற்குத் தடையாக நின்றவற்றில் பலவற்றை அந்த இடம் நீக்கியது, சிலவற்றை நீக்கவில்லை.

அண்ணாமலை சுவாமி 1938-இல் விலகிய பின், 1939 செப்டம்பரில் அன்னையாரின் சமாதிமேல் மாத்ருபூதேசுவரர் ஆலயத் திருப்பணி தொடங்கிற்று. அதற்கு வந்தவர் பரம்பரை ஸ்தபதியான வைத்தியநாத ஸ்தபதி. பத்து வருஷங்களுக்குப் பின் 1949 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. முதலில் சொன்ன குலவித்தையின் வாசல் மெல்லத் திறந்ததும் இவர் கையாலேயே. 1957-இல் மாமல்லபுரத்தில் சர்க்கார் ஒரு சிற்பப் பயிற்சிப் பள்ளியை நிறுவியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் இந்த வைத்தியநாத ஸ்தபதியே. அவருக்குப்பின் அவர் குமாரர் கணபதி ஸ்தபதி. தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிவந்த அளவுகளைப் பெயர் கொடுத்துச் சேர்ந்த எவனுக்கும் சொல்லலாம் என்று ஒரு ஸ்தபதி சம்மதித்தது சிறிய சம்பவமல்ல.

இதற்கிடையே ராஜதானி முழுவதிலும் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1928-இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கமும், அதன் உயிர்நாடியாக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதனும், பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் புத்தகசாலையே ஆயுட்காலப் பள்ளிக்கூடம் என்று ஓயாமல் வாதாடி வந்தார்கள். மன்னார்குடி மேலவாசலில் 1931-இல் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார் எஸ். வி. கனகசபை பிள்ளை. ஊரார் புத்தகத்திடம் வரும்வரை காத்திராமல் புத்தகம் ஊராரிடம் போயிற்று. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர பாரதத்தில் முதன்முதல் இயற்றப்பட்ட நூலகச் சட்டம் அதுவே. வீட்டுவரியோடு நூலகவரியும் கட்டும் நம்மில் பலர் அந்தப் பணத்தின் பின்னால் இருக்கும் இந்த மாட்டுவண்டியை அறியோம். 1967-இல் பம்பாயில், ஆலைத் தொழிலாளருக்கு அவர்கள் வேலை நேரத்துக்கும் குடியிருப்புக்கும் ஏற்றபடி தொழிலையும் எழுத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் சிரமிக் வித்யாபீடம் ஏற்பட்டது. 1978 அக்டோபர் 2-ஆம் தேதி தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம்.

திட்டங்களின் பெயர்களை அடுக்குவதில் எனக்கு ஆர்வமில்லை. 1990-களின் முற்பகுதியில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள்தோறும் பரவிய அறிவொளி இயக்கத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். அது ஊருக்குள் நுழைந்தபோது பாடப்புத்தகத்தோடு நுழையவில்லை. பாட்டோடும் வீதி நாடகத்தோடும் நுழைந்தது. பாரதப் பிரசங்கமும் கூத்தும் கண்ட மண்ணில் காது முதலில், கண் பிறகு என்ற பழைய வரிசையே மறுபடி கைக்கொள்ளப்பட்டது. வகுப்பு நடந்த இடம் கோயில் மண்டபம், தெருவிளக்கின் அடி, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. நேரம், சோறாக்கிப் போட்டுவிட்டுப் பெண்கள் வரக்கூடிய நேரம். சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத அதே தெருப் பிள்ளைகள். மகள் வயதுப் பெண் தாய் வயதுப் பெண்ணின் கையைப் பிடித்து எழுதவைத்த காட்சியைத் தமிழ்நாடு முதன்முதலாகப் பரவலாகக் கண்டது அப்போதுதான். பாடப்புத்தகமும் மாறியிருந்தது. பட்டா, படி என்று தொடங்கிய அந்த முதற்பாடத்தை அமைத்தவர்களுக்கு என் வந்தனம். நிலமில்லாதவனுக்கும், நிலமிருந்தும் தாள் இல்லாதவனுக்கும் பட்டா என்ற சொல் எத்தனை கனமுள்ளது என்று அறிந்தவர்களே அதை முதல் சொல்லாக வைத்திருக்க முடியும். அந்தப் பாடங்களை முடிக்க ஏறத்தாழ 200 மணி நேரம் என்று கணக்கிட்டிருந்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றதும், கல்லுடைத்த பெண்கள் கல்குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அந்த நாட்களின் பெருமைகள். அறிவொளி அனுபவத்தைச் ச. தமிழ்ச்செல்வன் இருளும் ஒளியும் என்ற நூலில் பதிவு செய்திருக்கிறார். இயக்கம் ஓய்ந்தபின் கற்றதை மறந்தவர்களும் உண்டு. தினசரி வாழ்வில் எழுத்துக்கு வேலையில்லாத இடத்தில் எழுத்து தங்குவதில்லை.

இன்றைக்குச் செய்யாற்றுச் சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளில் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். களையெடுத்த கை தையல் இயந்திரத்துக்குப் பழகுகிறது. பழகிய பெண்ணின் பக்கத்தில் புதியவள் உட்கார்ந்து பார்த்துக் கற்கிறாள். அந்த இயந்திரத்துக்கு அப்பாலும் கற்கவேண்டியது அவளுக்கு எவ்வளவோ இருக்கிறது. சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று போட்டிருப்பது என்ன, வருங்கால வைப்பு நிதி எங்கே போகிறது, மேற்பார்வையாளராவதற்கு எந்தத் தேர்ச்சி வேண்டும் என்ற கேள்விகளை அவளும் சுமந்துகொண்டுதான் பேருந்து ஏறுகிறாள். முகாமின் இடைவெளியில் மலையேறி வந்த ரெவின்யூ உத்தியோகஸ்தருக்குக் கிடைத்த அந்த ஒரு நாழிகை, ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் இவளுக்கும் கிடைக்கவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

அறிவொளி வகுப்புகள் தெருவிளக்கின் கீழ் நடந்த அந்த வருஷங்களில், ரமணாசிரமத்தை அடுத்த பலாக்கொத்தில், 1938-லிருந்து இடம் பெயராமல் வாழ்ந்துவந்த முதியவர் ஒருவர், தேசதேசாந்தரங்களிலிருந்து தம்மைத் தேடி வந்தவர்களின் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் மூலம் விடை சொல்லிக்கொண்டிருந்தார். படிப்பு வேண்டாமென்று தகப்பனாரால் தடுக்கப்பட்ட அந்த அண்ணாமலை சுவாமியின் நினைவுகளையும் உரையாடல்களையும் டேவிட் காட்மன் தொகுத்து 1994-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அடுத்த வருஷம் நவம்பரில் முதியவர் காலமானார். சிறிது தூரத்தில், அவர் கட்டிய போஜனசாலையில், அன்றும் வழக்கம்போல் வரிசையாக இலை போட்டுப் பந்தி நடந்தது.